தொண்டர்களை ஏற்ற வந்த லாரி

கடிகாரம் காலை ஏழு மணி காட்டும். வெளியே கும்மிருட்டாக இருக்கும். ஜப்பான்காரர்கள் மலாயாவின் கெடாவுக்கு வந்ததும் எங்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். தோக்கியோவில் விடிந்தால் எங்கள் செமிலிங் தோட்டத்திலும் விடிந்தாக வேண்டும் என்பது உத்தரவு. சூரியனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அதனால் எங்கள் சங்கத்தின் மாலைத் தேநீர் விருந்து உச்சி வெயிலில் நடந்தது. தேநீர் என்பதும் பேச்சுக்குத்தான். தேயிலை போய் வெகுநாளாகியிருந்தது. கருக வறுத்த சோளத்தை இடித்துக் கொதிக்க வைத்து, அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். நாகப்பட்டினத்தில் இருக்கிற என் உறவுக்காரர்கள் இதைப் படித்தால் நம்பமாட்டார்கள். என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்கள் சிரிப்பார்கள்.

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இங்கே வந்த புதிதில், இந்தச் சங்கமே எனக்கு விளங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். அதற்குத் தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. இங்கேயோ பிறருக்கு உதவுவதற்கென்று ஒரு சேவைச் சங்கம், அதற்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் ஒரு பூப்பந்துத் திடல். கணக்கு எழுதுகிற கிராணிமார், மருந்து கொடுக்கிற டிரஸர், வாத்தியார் ஆகியோர்தான் உறுப்பினர்கள். சேவையைவிடப் பூப்பந்து அதிகம் நடந்தது. பெரிய கிராணி அந்தோணிசாமி தலைவர். என் வீட்டுக்காரர் செயலாளர். வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கம்பளி கொடுத்துவிட்டு, அதைக் கொண்டாட இரண்டு தடவை விருந்து வைப்பார்கள். பெண்கள் பகுதி என்று ஒன்றும் இருந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது எங்கள் பகுதி.

சண்டை வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காரில் ஏறித் தெற்கே ஓடினார்கள். பாலை வாங்க ஆளில்லாமல் ரப்பர் மரங்கள் சும்மா நின்றன. அரிசி அருகிப்போனது. பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அஞ்சலையின் புருஷன் மாரிமுத்து காலையில் மீன் பிடிக்கப் போனவன். தூண்டிலை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அஞ்சலை என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், பால் வெட்டுகிறவள். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவள்தான் ஒரு நாள் மண்வெட்டியோடு வந்து, சங்கத்துப் பூப்பந்துத் திடலில் மரவள்ளி நடலாமா என்று என்னிடம் கேட்டாள். தலைவருக்கு நெஞ்சு வலிக்காத குறை. ஆனால் அடிக்கப் பந்தும் இல்லை, ஓட உடம்பில் தெம்பும் இல்லை. திடலைக் கொத்தினோம்.

அப்புறம்தான் சங்கம் நிஜமாகவே சேவை செய்யத் தொடங்கியது. மரவள்ளியும் கீரையும் கைப்பிடி அரிசியும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, ஆண்துணை போன வீடுகளுக்கு ஊற்றினோம். லயத்துக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையை அஞ்சலையும் மற்றப் பெண்களும் வெட்டித் திறந்தார்கள். கொசுக் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காத காலம் அது. ஆண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். கூட்டம் போட்டு எங்களுக்கு நன்றி தெரிவித்தார்கள்.

வினையே அந்தக் கூட்டத்தால்தான் வந்தது. கூட்டம் போட அனுமதி வேண்டும் என்று பக்கத்து ஊரான பீடோங்கில் இருந்த ஜப்பானிய அதிகாரியைப் பார்க்கப் போனார் தலைவர். மாலை வகுப்பில் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தவர், ‘சேவை’ என்பதற்கு அங்கே கற்ற ‘கின்ரோ ஹோஷி’ என்ற சொல்லை நன்றாக நெட்டுருப் போட்டுக்கொண்டு போனார். அதைக் கேட்டதும் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினாராம், சிகரெட்டும் கொடுத்தாராம். தலைவர் அதைப் பற்றவைக்காமல் வீடு வீடாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தைவான்காரர், மலாய் பேசுவார். தலைவர் சொன்ன சொல்லுக்கு, அரசாங்கம் காட்டுகிற இடத்தில் உடலுழைப்பு செய்வது என்று அர்த்தமாம். தொண்டர்கள் தாங்களாகவே முன்வந்ததில் அதிகாரிக்கு மெத்த மகிழ்ச்சி. திங்கட்கிழமை லாரி வரும். எல்லாரும் சயாமுக்குப் புறப்படத் தயாராக இருக்கட்டும் என்றார்.

அன்று மாலையே சங்கம் கரையத் தொடங்கியது. தான் பூப்பந்து ஆட மட்டுமே சேர்ந்ததாக டிரஸர் சொன்னார். சின்னக் கிராணி தான் உறுப்பினரே இல்லை, விருந்தாளி என்றார். என் வீட்டுக்காரருக்கு, காலை வரை நிமிர்ந்திருந்த இடுப்பு, திடீரென்று பிடித்துக்கொண்டது. தலைவர் மட்டும் விலகவில்லை. அந்தச் சிகரெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே, தான் சொன்ன சொல்லுக்குத் தானே ஏறிப் போவதாகச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை வியாதி. போனால் திரும்பமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. பாதி எரிச்சலில் சொன்னது அது.

“தொண்டர்களத்தானே ஏத்த வர்றாங்க? இங்க தொண்டு செஞ்சது யாரு? நாங்கதானே. நாங்க நிக்கிறோம்.”

திங்கட்கிழமை லாரி வந்தபோது, சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்றோம். நான் கஞ்சி அகப்பையோடு, அஞ்சலை மண்வெட்டியோடு, இடுப்பில் பிள்ளைகளோடு சிலர், ஓரத்தில் தலைவர். அதிகாரி இறங்கி வரிசையை ஒரு முறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார். தொண்டர்கள் எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இவர்கள்தான் என்றார் தலைவர். அதிகாரியின் முகம் சிவந்தது. யாரைக் கேலி செய்கிறீர்கள் என்று அவர் கத்தியது எந்தப் பாஷைக்காரருக்கும் புரிந்திருக்கும்.

அஞ்சலை ஓர் அடி முன்னே வந்து மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள்.

“அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க. எங்க வீட்டு ஆம்பளய முன்னாடியே கொண்டு போயிட்டாங்க. மிச்சம் நான்தான்லா. ஏறச் சொன்னா ஏறுறேன். அவரு இருக்கிற எடத்துலயே எறக்கி விடச் சொல்லுங்க.”

அவளுடைய தமிழை நான் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். வழியில் எவ்வளவு சிந்தியது என்று தெரியாது. அதிகாரி லயத்துப் பக்கம் நடந்தார். சாக்கடையைக் குனிந்து பார்த்தார். கஞ்சிப் பானையின் மூடியைத் தூக்கினார். அப்புறம் அஞ்சலையின் மண்வெட்டியை வாங்கி, தண்ணீர் தேங்கி நின்ற ஓரிடத்தில் தானே இரண்டு வெட்டு வெட்டிவிட்டார். தண்ணீர் ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு ஓர் உத்தரவு போட்டார்: இந்தச் சாக்கடையை இழுத்துப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிப்பாய்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குப் பின்னாலும் வெட்டித் தர வேண்டும். அதுதான் எங்கள் கின்ரோ ஹோஷி.

அந்தச் சாக்கடையை வெட்டி முடித்தது யார் என்கிறீர்கள்? டிரஸரும், சின்னக் கிராணியும், இடுப்பு சரியாகிவிட்ட என் வீட்டுக்காரரும்தான். நாங்கள் கரையில் நின்று நன்றி தெரிவித்தோம். ஆனால் அன்று எங்களிடமிருந்து காலியாகப் புறப்பட்ட லாரி, வேறொரு தோட்டத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது என்று பிறகு கேள்விப்பட்டோம். இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும்போதெல்லாம் சாக்கடையோடு முடித்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் இன்னொரு வேடிக்கை. ஜப்பான்காரர்கள் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடல் கடந்து வந்தவள் நான். இப்போது இருந்த இடத்தில் இருக்க, நாடு என்னைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வாரம் சங்கத்தில் எல்லாரும் கூடினோம். கூட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று தலைகுனிந்து வணங்குவது வழக்கமாகியிருந்தது. முன்பு வெள்ளைக்கார ராஜாவின் படத்துக்கு, பிறகு தோக்கியோ இருக்கும் திசைக்கு. இனி எந்தப் பக்கம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தலைவர் பழக்கத்தில் கிழக்கே திரும்பினார். அஞ்சலை, புருஷன் போன வடக்கே திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கடல் இருக்கும் மேற்கே பார்த்து நின்றேன். குனிந்தபோது, பின்னால் அடுப்பிலிருந்து கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. உடம்பை மேற்கே வைத்துக்கொண்டே, கழுத்தை மட்டும் அடுப்பின் பக்கம் திருப்பினேன்.