போயா நாள் கஞ்சி

அஸர் தொழுத கையோடு ஹமீமா ஊசிகளை எடுத்து நூல் கோக்க உட்கார்ந்துவிடுவாள். வெள்ளை நூலில் ஆறு, கறுப்பில் நாலு. கோத்ததைத் தையல் மேசையிலிருக்கும் பஞ்சுப் பொதியில் குத்தி வைப்பாள். பலாபத்வலவில் அவர்கள் வீட்டு முன்னறைதான் கணவர் ஜவாஹிரின் தையல் கடை. அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து, நான்கு வருடமாக, நூல் கோப்பது அவள் வேலை.

அந்த வியாதியை அவள் வாயால் கேட்க வேண்டும். கிளினிக் டாக்டர் இரண்டு வட்டம் வரைந்து, நடுவில் இடைவெளி விட்டுச் சிங்களத்தில் விளக்கியதை அவள் நோன்புக் கஞ்சி கைமாறும் தன் வீட்டு மதிலுக்கே கொண்டுவந்துவிட்டாள். "மூளைக்குள்ள வீடு வீடா இரிக்கி. ஒன்னோட ஒன்னு ஒட்டாது, நடுவுல மதில். இங்க இருந்து கஞ்சிக் கோப்பைய மதிலுக்கு மேலால நீட்டினாத்தான் அந்த வீட்டுக்குச் செய்தி போகும். கோப்பை திரும்பி வரும், மறுபடி நிரப்பி அனுப்பலாம். அந்தக் கஞ்சிக்குப் பேரு டோபமீன். எங்கட மனுசன்ட தலையில அடுப்பு மூட்டுற வீடு கொறஞ்சி போச்சி. இந்தக் குளிசை மருந்து, மிச்ச வீடுகளுக்கு நாம அனுப்புற அரிசி."

"டாக்டரம்மா, எங்கட வீட்டுக் கோப்பை எப்ப வரும்?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு றுஸைனா சீண்டுவாள்.

இந்த நோன்பில் சீண்டலும் நின்றுபோனது. தலைநோன்பிலிருந்து மாலையானால் ஜவாஹிரின் கை மரக்கட்டை. பகலில் தைப்பார், மஃரிபுக்குப் பிறகு பொத்தான்கூடப் பிடிபடாது. பெருநாள் உடுப்புகள் குவிந்து கிடந்தன. வியாதி முற்றிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். அவரும் ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிட்டார்: "பெருநாளோட கத்தரிய மாத்தளை டெய்லர் இத்ரூஸ்கிட்ட குடுத்திர்றேன்." முப்பது வருடம் கையிலிருந்த கத்தரி. ஹமீமா அடுத்த ஊசியைக் கோத்தாள்.

பிறகு போயா வந்தது, பௌத்தர்களின் முழுநிலா விடுமுறை. அன்று இறைச்சிக் கடை பூட்டியிருக்கும் என்பது தெரிந்தும், முந்தின நாளே மாட்டிறைச்சி வாங்கிவைக்க மறந்துவிட்டாள். தேங்காய்ப்பால், ரம்பை இலை, பூண்டு மட்டும் போட்ட வெறுங்கஞ்சி. மதிலுக்கு மேலால் நீட்டவே வெட்கமாக இருந்தது. டாக்டர் சொற்படி ஜவாஹிர் நோன்பு பிடிப்பதில்லை. என்றாலும் எல்லாரோடும் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த மாலைக் குளிசையையும் அதோடேயே விழுங்குவார். அன்று ஏழரைக்கு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல், ஒரே சீராக. ஹமீமா அகப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

மறுநாள் இறைச்சிக் கஞ்சி. மறுபடி மரக்கட்டை.

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. விடிந்ததும் மாத்தளை பஸ்ஸில் ஏறி, கிளினிக்கில் டாக்டர் உட்காருமுன்னே, இறைச்சிதானா காரணம் என்று கேட்டாள். அவர் சிரித்தார். இறைச்சியின் புரதமும் இந்த மருந்தும் மூளைக்குள் நுழைவது ஒரே வாசலால். கூட்டம் முந்திக்கொண்டால் மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு என்று துண்டில் எழுதித் தந்தேனே என்றார்.

"கஞ்சி சாப்பாடா, சேர்? அது நோன்பு தொறக்கிறதுதானே" என்றாள் ஹமீமா.

அன்று ஐந்தேகாலுக்கே குளிசை கொடுத்தாள். பாங்கு சொன்னதும் இறைச்சிக் கஞ்சி. ஜவாஹிர் இரண்டு கோப்பை குடித்தார். ஏழேகாலுக்கு மேசைக்குப் போனார்; சுண்ணக்கோட்டில் கத்தரி நேராக ஓடியது. றுஸைனா மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்தாள். பொத்தான் தைக்க ஊசி வேண்டுமென்று அவர் கையை நீட்டினார்.

ஹமீமா பொதியிலிருந்து கோத்த ஊசி ஒன்றை எடுத்தாள். அதிலிருந்த நூலைச் சரக்கென்று உருவினாள். ஒரு கையில் ஊசியும் மறு கையில் நூலுமாக அவர் முன்னால் நீட்டினாள்.