மூன்று புள்ளித் தட்டான்

வெள்ளைப் படுக்கை விரிப்பை அலசி, ஈரம் சொட்டச் சொட்டக் கரையில் விரித்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டான் வந்து அதன்மேல் வாலைத் தட்டும். ஒரு தட்டு, இரண்டு தட்டு, பத்துத் தட்டு. பளபளப்பைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைத்து முட்டையிட வருகிறது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், எங்கள் வண்ணார் துறையில் இதைப் பார்க்காத ஆளே கிடையாது. பார்த்ததும் எல்லாரும் சூ என்று விரட்டுவார்கள். நான் மட்டும் குனிந்துகொண்டு நிற்பேன். கல்யாணமாகி, கழுத்துவரை வேலையும் இருக்கிற இருபத்தாறு வயது ஆள் பூச்சி பார்த்து நிற்பது துறைக்கு நல்ல வேடிக்கை. “என்னா லா, பூச்சிக்குச் சவுக்காரம் போடப் போறியா?” என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தாலும் நிமிர மாட்டேன்.

நிமிர எப்படி மனம் வரும்? எட்டு மணி வெயில் தண்ணீரில் விழுந்ததும் கரை முழுக்கப் பறக்கத் தொடங்கிவிடும். நீலம் போட்ட தண்ணீரின் நிறத்தில் ஒன்று. சிறகு முழுக்கச் சிவந்து, உடம்பும் சிவந்து, புல் நுனியில் உட்காருவது ஒன்று. மஞ்சளும் கறுப்புமாகச் சீட்டித் துணியில் வெட்டியது போன்ற சிறகோடு, பறக்கிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் போவது ஒன்று. கல் இடுக்கில் ஊசித்தட்டான்கள்; தையல் ஊசிக்குக் கண் வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. உட்கார்ந்ததும் சிறகை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும், இஸ்திரி போட்ட சட்டையை மடிப்பது போல. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று கண்ணில் படாதா என்று இருக்கும். பட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்காது.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்த நாள் நினைவிருக்கிறது. தண்ணீர்மலைப் பூந்தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தார். நம் ஆள்தான், தமிழர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு. அவர் வீட்டுத் துணி எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வலையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தோட்டத்துத் துரை, அருவியிலிருந்து எங்கள் துறை வரைக்கும் என்னென்ன தட்டான் இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறாராம். கையில் நீளமான நோட்டு. எண், நிறம், இடம், நாள், குறிப்பு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் ‘கண்டவர்’ என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வருவார். வாரம் முழுக்க நான் பார்த்ததைச் சொல்வேன். அவர் வலையை வீசிப் பிடித்து, பார்த்து, எழுதுவார். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு குறிப்புச் சொல்வேன். நிறம் வெளுத்திருந்தால், “இது கிழம், சாயம் போயிருச்சு” என்பேன். பளீரென்று இருந்தால், “இது இளசு” என்பேன். அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். இந்தக் கண்ணில் எத்தனை ஆயிரம் துணி போயிருக்கும். எந்தச் சாயம் எத்தனை வெளுப்புக்குத் தாங்கும் என்று தொட்டுப் பார்க்காமல் சொல்வேன். நாளாக நாளாக நிறம் வெளுக்கும். வெளுத்தது மறுபடி சிவக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அவர் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவப் போனபோது நோட்டை எடுத்துப் புரட்டினேன். தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். முதல் வரியிலிருந்து நாற்பத்தொன்றாவது வரி வரைக்கும், கண்டவர் கட்டத்தில் அவர் கையெழுத்து. அதில் பாதிக்கு மேல் நான் கண்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“கிராணியாரே, இந்த ஊசித்தட்டான யார் கண்டது?”

“நீதான்.”

“அப்ப எதுக்கு உங்க கையெழுத்து?”

அவர் கொஞ்சம் தடுமாறினார். “உன் பேர எழுதலாம் தம்பி. எழுதினா, எந்த ஆளுன்னு துரை கேப்பாரு. உன் பேர்ல இந்தத் துறையிலேயே நாலு பேர் இருக்கான்லா.”

அது உண்மைதான். எங்கள் ஆட்களில் மூத்த பிள்ளைக்குக் குலசாமி பெயர். கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் விடவில்லை. நான் குரலை உயர்த்தியதும் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“சரி, நீ சொல்ற குறிப்புக்கெல்லாம் என்னா சாட்சி? பத்தொன்பதாம் நம்பர் செவப்பு, இருபதாம் நம்பர் மஞ்சள். நான் ரெண்டு இனம்னு எழுதியிருக்கேன். நீ ஒண்ணுதாங்கிற.”

“ஒண்ணுதான். மஞ்சள் கிழம். செவப்பு வெளுத்து மஞ்சளாவுது.”

“காட்டு பாப்போம். மாசக் கடைசியில நோட்டு துரை கைக்குப் போயிரும். அதுக்குள்ள நீ சொன்ன மாதிரியே காட்டிட்டா, கண்டவர் கட்டத்துல உன்னைப் போடறேன். இல்லேன்னா இனிமே உன் பேச்சு இந்த நோட்டுல ஏறாது.”

எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் அழுக்குத் துணிக்குக் குறி போட உட்கார்ந்தபோது பளிச்சென்று பட்டது. எங்கள் தொழிலில் வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, வருகிற சாற்றைத் துணியின் ஓரத்தில் தொட்டு வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். பிறகு அடித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. துணிக்குப் போடலாம் என்றால் சிறகுக்குப் போட்டால் என்ன?

கொசுவலைத் துண்டால் பிடித்து, சிறகு நுனியில் ஊசி முனையால் தொட்டேன். சிவப்புக்கு ஒரு கோடு. சிவப்பு மட்டும் போதும் என்றுதான் இருந்தேன். கிராணியார் கேட்டுவிட்டு, “மஞ்சளுக்கும் போடு. அதுதான் நியாயம்” என்றார். சரி என்று முதல் மஞ்சளைப் பிடித்து மடித்த சிறகை விரல் நடுவில் வைத்தேன். பக்கத்துத் தொட்டியில் அவர் வீட்டுச் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. கை தன் பாட்டுக்கு டக் டக் டக்கென்று மூன்று புள்ளி வைத்துவிட்டது. அது அவர் வீட்டுக் குறி. வைத்த பிறகு மாற்ற முடியாது. அடுத்த மஞ்சள்களுக்கும் அதையே போட்டேன். என் மனைவி இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே சிரித்தாள். “கிராணி வீட்டு உருப்படி எண்ணிக்கை கூடிக்கிட்டே போவுது. எப்படிக் கணக்குத் தீக்கப் போறீங்களோ.”

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. கோடு போட்ட சிவப்புகள் அங்கேயே சுற்றின. தினமும் பார்ப்பேன். இன்று வெளுக்கும், நாளை வெளுக்கும் என்று பார்ப்பேன். ஒன்றுக்குச் சிறகு ஓரம் கிழிந்து நார் நாராகிவிட்டது. நிறம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கிழிந்த துணி எங்காவது பளிச்சென்று இருக்குமா? எனக்குள் ஏதோ உறுத்தியது. மஞ்சள்களோ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குறி போட்டு விட்டதும் ஆற்றை விட்டு மரங்கள் பக்கம் பறந்ததோடு சரி. இரண்டு சனிக்கிழமை வந்து போயின. கிராணியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குக் கோபமாக வந்தது. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் தண்ணீரில் நிற்கிறேன். மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

“ஏங்க, கிராணி வீட்டு உருப்படி ஒண்ணு இங்க இருக்கு.”

“அவங்களுது எல்லாம் நேத்தே குடுத்தாச்சே.”

“துணி இல்லீங்க. மெல்ல வாங்க.”

கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலின் நுனியில் உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து வால் வரை பழுத்த மிளகாய்ச் சிவப்பு. இடது சிறகின் நுனியில் மூன்று புள்ளி.

நெஞ்சு அடித்த அடியில் அது பறந்துவிடுமோ என்று பயந்தேன். மூன்று புள்ளி என்றால் மஞ்சளாக இருந்தபோது நான் போட்டது. மஞ்சள் சிவப்பாகியிருக்கிறது. சிவப்பு வெளுக்கவில்லை, மஞ்சள்தான் சிவந்திருக்கிறது. இந்தப் பூச்சி வெளுத்துப் பிறந்து, வெயிலில் பறந்து பறந்து சாயம் ஏறிக்கொள்கிறது. துணிக்கு நேர் எதிர். இத்தனை நாள் நான் கிழம் கிழம் என்று சொன்னதெல்லாம் இளசு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. இதை மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பிடித்தது அவள்தான். நிழல் விழாமல் பின்பக்கமாகப் போய், என்னைப் பார்த்து, “மூச்சு விடாம நில்லுங்க” என்று கண்ணாலேயே அதட்டி, கொசுவலையைச் சட்டென்று கவிழ்த்தாள்.

சைக்கிளை எடுத்தபோதுதான் உறைத்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால், இரண்டும் ஓரினம் என்பது நிற்கும். நான் சொன்னபடி காட்டியதாக ஆகாது. நோட்டில் பத்துப் பன்னிரண்டு வரியில் என் வாயால் சொன்ன குறிப்புகள் தலைகீழ். ‘நீ சொன்ன மாதிரியே காட்டிட்டா’ என்றல்லவா அவர் சொன்னார். அதற்கு வழி இருந்தது. கோடு போட்ட சிவப்பு மஞ்சளாகி வந்தது, பார்த்தேன், பறந்துவிட்டது என்றால் முடிந்தது. அவர் நம்புவார். கட்டம் எனக்கு. அப்படிச் சொல்லிவிடலாமா என்று நினைத்ததை மறைக்க மாட்டேன். ஆனால் வலைக்குள் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, எனக்கோ யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல இருந்தது. சொல்வதற்கு இந்த ஊரில் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? மிதித்தேன். முழங்கால் வரை ஈரம், தோளில் துண்டுகூட இல்லை. தோட்டத்து வாசலில் குரங்குகள்கூட ஒதுங்கி வழி விட்டன.

கிராணியார் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். “வேலை நேரத்துல என்னாது இது?” என்றார்.

“உங்க உருப்படி. சாயம் மட்டும் மாறியிருக்கு.”

வலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

“மூணு புள்ளி,” என்றார். “இது மஞ்சளுக்குப் போட்டதுல்ல?”

“ஆமா. நான் சொன்னது தப்பு. வெளுத்ததுதான் புள்ள. செவந்ததுதான் பெரியாளு. நோட்டுல நான் கிழம்னு சொன்னது எல்லாத்தையும் மாத்துங்க.”

அவர் நோட்டை எடுத்தார். முதலில் இருபதாம் எண்ணை அடித்தார். நாற்பத்தொன்று நாற்பதானது, அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு பக்கம் பக்கமாகப் போய், கிழம் என்று இருந்த இடத்தையெல்லாம் கோடு கிழித்து, மேலே இளசு என்று எழுதினார். இளசைக் கிழமாக்கினார். ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்குச் சுருக் சுருக்கென்றது. படித்தவர்களுக்கு இது பழைய செய்தி என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் புத்தகத்தில் பார்த்தார்கள், நான் மூங்கில் நுனியில் பார்த்தேன்.

திருத்தி முடித்ததும் பத்தொன்பதாம் வரிக்குத் திரும்பி வந்தார். கண்டவர் கட்டத்தில் இருந்த தன் கையெழுத்தை அடித்தார். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பேரு வேணாம், நாலு பேர் இருக்கான். குறி போடுங்க.”

அதுவரை என்னை நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

“யார் குறி?”

“உங்க குறிதான்.”

நூற்றுக்கு மேற்பட்ட வீட்டுக் குறி எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கென்று ஒரு குறி இல்லை. வண்ணான் தன் துணிக்குக் குறி போடுவதில்லை. எல்லார் துணியிலும் குறியைப் பார்த்து எடுத்த பிறகு, குறியில்லாமல் மிஞ்சிக் கிடப்பது எங்களுடையது. சேங்கொட்டையும் ஊசியும் எப்போதும் போல மடியில் இருந்தன. எடுத்தேன். செங்குத்தாக ஒரு கோடு இழுத்தேன், மூங்கில். அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தேன், தட்டான். மேசைமேல் அவர் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் தொட்டுத் தடவினேன். கறுத்தது.

அவர் ஊதிக் காயவைத்துவிட்டு மற்ற வரிகளுக்குப் போனார். நான் கண்ட ஒவ்வொன்றையும் விரலால் காட்டினார். இருபத்திரண்டு இடத்தில் போட்டேன். பிறகு இருவருமாக அல்லிக் குளத்தருகே போய் வலையைத் திறந்துவிட்டோம். மூன்று புள்ளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துறை இருக்கும் பக்கமாகவே பறந்து போனது.

வீட்டில் மனைவி, “என்ன குறி போட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். மண்ணில் விரலால் போட்டுக் காட்டினேன். மறு வெளுப்பில் என் வேட்டியைப் பிழிந்து உதறியபோது, ஓரத்தில் சின்னதாக ஒரு கோடும் அதன் நுனியில் ஒரு புள்ளியும் இருந்தன.

அந்த வேட்டி பின்னால் நைந்து கிழிந்துவிட்டது. அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். துணி பழுப்பேறிவிட்டது, குறி அன்றைக்குப் போட்ட கறுப்பிலேயே இருக்கிறது.