பொட்டு வைத்த எலிகள்

என் மனைவி கௌசலாவை மருத்துவராக்கியே தீருவதென்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு குடும்பமே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது. அவளோ எலி பிடிக்கப் போனாள். முதுகலைப் பட்டத்துக்காக என்று சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பரிதாபம் நியாயமானதுதான். வாராவாரம் பந்திங் ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குக் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டும் கௌரவப் பதவி எனக்கு.

சனிக்கிழமை மாலை கூண்டில் கருவாடு வைப்போம். ஞாயிறு காலை மாட்டிய எலியை எடை பார்த்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். அடையாளமிட்டவை எத்தனை மறுபடி மாட்டுகின்றனவோ, அதை வைத்துத் தோட்டத்தின் மொத்த எலிகளைக் கணக்கிடலாமாம். எலிகளின் காதில் மாட்டும் எண் வில்லைகள் வந்து சேரவில்லை. பொறுமையில்லாத மேதை தன் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு எலிக்கும் நெற்றியில் பொட்டு வைத்தாள். முதுகில் வைத்திருக்கலாம். எனக்கு விஞ்ஞானம் தெரியாதென்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் ஒரு பொட்டு எலிகூட மாட்டவில்லை. சில கூண்டுகளில் புது முகங்கள், மற்றவை காலி. இந்தப் பருவத்தோடு படிப்புக்குக் கொடுத்த கெடு முடிகிறது. பழைய எலிகள் வராவிட்டால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. அதைவிட, பாலிஷில் இருந்த ஏதோ ஒன்று எலிகளைக் கொன்றுவிட்டதோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. காரிலேயே அழுதாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இதில் பாதி உருக்கம்கூட இருந்ததில்லை.

போன ஞாயிறு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனோம். தோட்டத்துப் பிள்ளையார் கோயில் நிர்வாகக் குழுத் தலைவி தங்கமணி கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கூண்டில் பொட்டு எலி இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து அதை வெளியே விட்டார். பின்னாலேயே கொஞ்சம் சுண்டலும் தூவினார். எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பொட்டு இல்லாததெல்லாம் உங்களுக்கே விட்டு வச்சிருக்கேன் மிஸ். பிள்ளையாரோடத மட்டும்தான் தெறந்து விடுறேன். பாவம்லா. இப்பல்லாம் இங்க யாரும் எலி மருந்துகூட வைக்கிறதில்ல."

கௌசலா காலிக் கூண்டைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, அது நான் போட்ட நெயில் பாலிஷ்."

தங்கமணி கொஞ்சமும் அசரவில்லை. "போட்டது உங்க கைதான் மிஸ். நெத்தியில போடணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கௌசலா கணக்கு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பட்டம் இந்த வருடம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. காரில் ஏறியதும் அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்தேன்.

"ஒண்ணுகூட சாகல லா," என்றாள்.

அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.