ரிவர்ஸ் அக்கா போட்ட திட்டம்

என் அத்தையைக் கட்டட வேலைக்காரர்கள் 'ரிவர்ஸ் அக்கா' என்பார்கள். எந்த வேலையானாலும் முடிகிற நாளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடுவாள். ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம்: என்ன வேலை, எத்தனை நாள், அதற்கு முன் எது முடிய வேண்டும், யார் பொறுப்பு. பொறுப்பாளி கையெழுத்துப் போடாமல் அந்தத் தாள் சுவரில் ஏறாது.

அப்படி அவள் போட்ட ஒரு திட்டத்தைத் தன் பெயரில் காட்டித்தான் அவளுடைய மேனேஜர் அந்த நாற்காலியைப் பிடித்தார். மூன்று வருடம் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரி. ஸ்கேன் மெஷின் உள்ளே போன பிறகுதான் அந்த அறைக்கு முன்சுவர் என்று எழுதியிருந்தாள். இருபதாம் தேதி டாக்டர் பார்வையிட வரும்போது கட்டடம் முழுசாகத் தெரிய வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை.

"சுவரை எழுப்புங்க. மெஷின் துண்டு துண்டா வரும், உள்ள வெச்சுச் சேத்து மாட்டிக்கலாம்."

"மெஷின் கம்பெனில கேட்டுட்டேன் சார். ஒரே பெட்டியா வருது. வாசல் பத்தாது."

"ரிவர்ஸ்லயே போனா வண்டி எப்பம்மா போய்ச் சேரும்?"

கொத்தனார்கள் சிரித்தார்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை, "இன்னொரு தடவ வாயத் தொறந்தா வேற வேல தேடிக்கோங்க" என்றார். அத்தை தாளில் அந்த வரியை அவர் சொன்னபடி மாற்றி எழுதி, பேனாவை நீட்டினாள்.

"மாத்தின வரியில கையெழுத்து போட்டுடுங்க சார்."

பெரிதாகச் சுழித்துப் போட்டார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அத்தை வீட்டில் வந்திறங்கியது அந்த வாரம்தான். ஃபிரிட்ஜ் கதவில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. முதல் வரி: 'இருபதாம் தேதி, மெஷின் வரும் நாள். எல்லார் முன்னாலும் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்வது.' அதன் கீழே பெயின்ட், பூச்சு, சுவர். பொறுப்புக் கட்டத்தில் எல்லாம் மேனேஜர். அத்தைக்கு ஒரே வேலை: பேசாமல் இருப்பது, பன்னிரண்டு நாள்.

"டாக்டர்கிட்ட நேரா சொல்லிடலாமே அத்தை?"

"மூணு தடவ சொன்னா எச்சரிக்கைடி. நாலாவது தடவ சொன்னா கெஞ்சல்."

"திறப்பு தள்ளிப்போனா நோயாளிங்க பாவம்ல?"

"முதல் திட்டத்துலயே ஏழு நாள் கைவசம் வெச்சிருக்கேன். இடிச்சுக் கட்ட ஆறு போதும்."

"மிச்சம் ஒரு நாள்?"

"அது எனக்கு."

இருபதாம் தேதி சாப்பாட்டுப் பையைச் சாக்காக வைத்து நானும் போய் நின்றேன். புதுச் சுவருக்கு எதிரே, அதைவிட அகலமாக, மரப்பெட்டி இறங்கியிருந்தது.

"யார் போட்ட பிளான் இது?" என்றார் டாக்டர்.

"அந்தம்மாதான்" என்று மேனேஜர் விரலை நீட்டினார்.

அத்தை, அவர் கையெழுத்துப் போட்ட திட்டத் தாளை விரித்து அந்த விரல்களிலேயே செருகினாள். "கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

"முன்சுவர்... மெஷினுக்கு முன்னாடியே... மாத்தினவர்..." குரல் நின்றது.

"பேரை விட்டுட்டீங்க சார்."

பெயர் முணுமுணுப்பாக வந்தது.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

மறுபடி படித்தார். இந்த முறை கொத்தனார்கள் சிரித்தது அவரைப் பார்த்து.

இனி எல்லாம் இந்தம்மா சொல்கிறபடி என்றார் டாக்டர். அத்தை அங்கேயே செங்கல் அடுக்கின் மேல் தாளை வைத்து, இடிப்பதற்கான திட்டத்தை எழுதினாள். செங்கல் சில்லு அள்ளும் வரியில், யார் பொறுப்பு என்ற கட்டத்தில், 'மேனேஜர்' என்று நிறுத்தி எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"அன்னிக்கு மாதிரியே சுழிச்சுப் போடுங்க சார்."