கால்மணி நேரத் தண்ணீர்

செம்பூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குழாய்த் தண்ணீர் முதலில் கரித்தொட்டியில் குளோரினைத் தொலைக்கும். பிறகு சவ்வுக் குழல்களில் உப்பை விட்டுவிட்டு வரும். சவ்வு குளோரினை முழுதாகத் தடுக்காது. கரி ஓய்ந்துபோனால் குளோரின் நோயாளியின் ரத்தம் வரை போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் காலையில் மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, கரியைத் தாண்டி வரும் தண்ணீரில் சோதனை மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் இருக்கிறது; யாரையும் மெஷினில் போடக்கூடாது.

அன்று மழை. வடாலாவில் லோக்கல் ரயில் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி வீங்கிய காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"சீக்கிரம் போடச் சொல்லு தாயி. ராத்திரி பூரா படுக்க முடியல."

இரக்கப்படுகிறேன் பேர்வழி என்று, மோட்டாரைப் போட்ட கையோடு தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். நிறம் இல்லை. 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் மெஷினைத் தயார்செய்து, இரண்டு தடித்த ஊசிகளையும் அவர் கையில் ஏற்றியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது இரவெல்லாம் கரியில் ஊறிக் கிடந்த தண்ணீர். ஓடி வரும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் மறுபடி பிடித்தேன். மாத்திரை கரையக் கரைய இளஞ்சிவப்பு ஏறியது.

"சிஸ்டர், ருக்கோ. மெஷின்ல இணைக்க வேண்டாம்."

"நீதானே ஓகே போட்டே?"

"தப்பாப் போட்டுட்டேன்."

ஊசிகளை உருவினார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் ரோடெல்லாம் முட்டளவு தண்ணீர். டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். குர்லாவிலிருந்து மாற்றுக் கரித்தொட்டி வந்து சேர மதியமாகிவிட்டது. அதற்குள் அவர் உதடு வெளுத்துவிட்டது.

"புதுக் கரிதானே, இப்பவே பாரேன்" என்றாள் நர்ஸ்.

நான் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றேன்.

"என்னத்த பாத்துக்கிட்டு நிக்கே?" என்றார் அண்ணாச்சி, முகமூடிக்குள்ளிருந்து.

"பதினஞ்சு நிமிஷம் ஓடணும் அண்ணாச்சி. காலைல நான் ஓட விடல."

அவரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நேரம் ஆனதும் சோதித்தேன். நிறம் வரவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்தபோது அவர் கையை நீட்டாமல் என்னைக் கேட்டார்.

"பதினஞ்சு ஆயிட்டா?"

"ஆயிடுச்சு அண்ணாச்சி."

பஞ்சு ஒட்டியிருந்த அதே கையை நீட்டினார்.

இப்போதும் வாரம் மூன்று முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. கேட்கட்டும்.