உதறி மடித்த இத்தாலியன்

என் அண்ணியை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாங்கள் இருவரும் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறோம். ஒரு முனை அவர் கையில், இன்னொன்று என் கையில்.

இத்தாலிக்கு வேலைக்குப் போன அண்ணனிடம் அண்ணி போய்ச் சேர வேண்டுமென்றால், மொழித் தேர்வில் தேற வேண்டும். எழுதுவதில் அண்ணி புலி. பேச்சில்தான் இரண்டு முறை கோட்டை விட்டார். வினைச்சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசையை மட்டும் அழுத்த வேண்டுமாம். அண்ணி எல்லா அசையையும் ஒரே மாதிரி ஒப்பிப்பார்.

"உனக்கு வராது, விட்டுடு," என்று அண்ணன் ஃபோனில் சொன்னான். கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் வாய்க்கொழுப்பு.

மறுநாள் விரிப்பைப் பிடித்ததும் அண்ணி, "லா" என்று ஒரு மடிப்பு போட்டார். அழுத்த வேண்டிய "வோ"வில் படாரென உதறினார். "ர", "னோ" இரண்டுக்கும் சாதாரண மடிப்பு. லாவோரனோ என்றால் 'அவர்கள் வேலை செய்கிறார்கள்' என்று அர்த்தமாம்.

"அண்ணி, என் தோள்பட்டை கழண்டுடும்!"

"கழண்டா மாட்டிக்கலாம். கெட்டியா பிடி."

அடுத்து, 'அவர்கள் ஃபோன் செய்கிறார்கள்'. தெ, லே, ஃபோ, ந, னோ. 'லே'யில் உதறியபின் இன்னும் மூன்று மடிப்பு. இரட்டைக் கட்டில் விரிப்பு தலையணை உறை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேற்பார்வையாளர் திட்டத்தான் வந்தார். ஓரங்கள் அவ்வளவு நேராக இருந்ததால் இன்னொரு கட்டையும் எங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். இப்படியே மூன்று மாதம்.

தேர்வு நாளில் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லச் சொல்ல, தேர்வாளர் அம்மாளின் முகம் சுருங்கியது. திடீரென்று அண்ணி எழுந்து ஏதோ கேட்டார். அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைக்க, அண்ணி மேசைத்துணியை உருவினார்! மடிப்பு, உதறல், மடிப்பு. பதில்கள் மடமடவென்று வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளே எழுந்து துணியின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

முடிவை அங்கேயே சொன்னார்கள்; அண்ணி தேறிவிட்டார். அன்று பேச்சில் அவருக்குத்தான் முதல் இடம். வாசலிலேயே அண்ணனுக்கு ஃபோன் போட்டு, இத்தாலியனில் மூச்சு விடாமல் பேசினார். பெருமையில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"கொஞ்சம் மெதுவா சொல்லேன்," என்றான் அண்ணன். "எனக்குப் பாதிதான் புரியுது."

"பரவாயில்ல," என்றார் அண்ணி. "அங்க வந்து சொல்லித் தரேன்."