பாக்கியலட்சுமியின் நிறம்

இடைவேளை விட்டதும் பாக்கியலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்து, விரல்களைச் சொடுக்கியபடி ஓவியத் தாங்கிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறார். மற்ற மாடல்கள் இந்த நேரத்தில் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் படங்களைப் பார்ப்பார். மூக்கு கோணலாக இருந்தால் சிரித்துவிட்டு நகர்வார். ஒரு காது காணாமல் போயிருந்தாலும் கவலையில்லை. நிறத்தைப் பார்த்தால்தான் நின்றுவிடுவார்.

லிட்டில் இந்தியா பக்கத்துக் கலைக்கல்லூரி ஒன்றில், உருவப்பட வகுப்புக்கு உட்காருவது அவருடைய பகுதிநேர வேலை. அதற்கு முன் பிடோக் வட்டாரத்தில் பஸ் ஓட்டினார். இவ்வளவு நேரம் எப்படி அசையாமல் இருக்கிறீர்கள் என்று மாணவர்கள் கேட்டால், "டிராஃபிக் ஜாம்னு நெனச்சுக்குவேன்" என்பார். உதட்டுச் சாயம் பூசாமல் வரமாட்டார். பவுடர் பக்கமே போகமாட்டார்.

நல்ல கறுப்பு அவர். "கல்யாண போட்டோலேருந்து மக எடுக்கிற செல்ஃபி வரைக்கும் யாராச்சும் என்னைக் கழுவி வச்சிருக்காங்க. என் கலர்ல எனக்கு ஒரு படம் இல்ல" என்பார்.

மாணவன் ஜெய்யும் கழுவித்தான் வைத்திருந்தான். அவனும் அவரைப் போலவே கறுப்பு. ஆனாலும் இறுதியாண்டுப் படத்தில் அவரைக் கோதுமை நிறமாக்கியிருந்தான். கறுத்த முகம் கண்காட்சிக் கூடத்தில் எடுபடாது, மதிப்பெண் குறையும் என்று விரிவுரையாளர் எச்சரித்திருந்தார்.

"கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்கும்னுதான், ஆண்ட்டி."

"யாருப்பா இந்தப் பொண்ணு? அவளையே கூப்பிட்டு உட்கார வை லா."

பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்றுவிட்டார். அன்றைய சம்பளம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஜெய் வண்ணம் குழைக்கும் கத்தியை எடுத்து, படத்தின் முகத்தை முழுவதுமாகச் சுரண்டினான். யாரும் கூப்பிடாமலே அவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

அடுத்த வகுப்பில் படம் முடிந்தது. ஆழ்ந்த பழுப்பில் நீலம் குழைத்த முகம், நெற்றியில் செம்பின் மினுக்கம். விரிவுரையாளர் அறையின் மறுகோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அத்தனை படங்களுக்கு நடுவிலும் அந்த முகம்தான் முதலில் தெரிந்தது. தான் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டு, அதைக் கண்காட்சியின் நுழைவாயிலில் மாட்டச் சொன்னார். வகுப்பே கைதட்டியது.

பாக்கியலட்சுமி கைதட்டவில்லை. ஜெய்யின் தட்டில், முகத்துக்குக் குழைத்ததில் மீந்திருந்த வண்ணத்தை விரலால் வழித்தார். தன் முன்கையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, விரிவுரையாளரிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, குனிந்து, கோடு எங்கே என்று தேடினார்.